இன்ஜினை அணைக்காமல் மூலனூருக்கு

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது நொய்யல் கரையோரம் இருந்த ஒரு வெளுப்புக் களத்தில். வார நாட்களில் அந்தத் திடல் முழுக்கப் பனியன் துணி காயும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கயிறெல்லாம் காலியாகக் கிடக்கும். என் வீட்டுக்காரர் கம்பங்களுக்கு நடுவே என்னை ஓட்டவிட்டார். அறுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தாறு வயது. கல்யாணமாகி ஐந்து வருஷம்.

பெண்கள் எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மேடையில் பேசுகிற ஆள் அல்ல அவர். அந்தக் கார் மேல் அவருக்கு அத்தனை பிரியம், அவ்வளவுதான். அது கறுப்பு நிறம். முன்பக்கம் உருண்டையாக, தூங்கி எழுந்த முகம் போல இருக்கும். நாலு நிட்டிங் மெஷினும் எட்டுத் தையல் மெஷினும் வைத்து, மூச்சுவிட நேரமில்லாமல் ஒரு கம்பெனியை நடத்திக்கொண்டிருந்தவருக்கு அந்தக் காரைத் துடைப்பது ஒன்றுதான் ஓய்வு. தன் பிரியத்தைப் பங்குபோட்டுக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டாரிடம் நீட்டி "தூக்கிப் பாருங்க, என்ன கனம்!" என்பார்களே, அப்படித்தான் ஸ்டியரிங்கை என்னிடம் நீட்டினார்.

லைசென்ஸும் எடுத்தாயிற்று. எடுத்து ஏழு மாதம் ஆகியும் ஊருக்குள் நான் ஒரு தெரு ஓட்டியதில்லை. "களத்துல ஓட்டுனா போதும். கடைவீதில ஓட்டுனா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க" என்று மாமியார் ஒருமுறை சொன்னார். நானும் சரியென்று விட்டுவிட்டேன். சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. எதிரே பஸ் வந்தால் என்ன செய்வது என்று உள்ளூர எனக்கே பயம்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. மூலனூரில் கட்டிக்கொடுத்திருந்தது. அவளுக்கு ஆறு வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைக்குத்தான் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்த வேண்டும். தாய்மாமன் என்று இருப்பது இவர் ஒருவர்தான். மாமியார் இரண்டு நாள் முன்னதாகவே பஸ்ஸில் போய்விட்டார். நாங்கள் சீர்த் தட்டுகளோடு காரில் போவதாகப் பேச்சு. பத்தரை மணிக்கு மேல் முகூர்த்தம்.

முந்தின நாள் சாயங்காலம் தட்டுகளைக் கார் ஷெட்டில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தேன். வீட்டுக்குள் இடமில்லை. நூல் மூட்டைகள் பாதிக் கூடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. வளையல், பழம், வெல்லம், பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு என்று ஒவ்வொன்றாகப் பிரித்து வைக்கும்போது கரண்ட் போய்விட்டது. பட்டுத் துணிக்குப் பக்கத்தில் சிம்னி விளக்கைக் கொண்டுவர மனமில்லை. காரும் அங்கேயே, மூக்கை உள்சுவர்ப் பக்கம் காட்டி நின்றது. ஏறி உட்கார்ந்து ஹெட்லைட்டைப் போட்டேன். ஷெட் பளிச்சென்று ஆகிவிட்டது. அந்த வெளிச்சத்தில் எல்லாத் தட்டையும் அடுக்கி முடித்தேன். எனக்கே என் புத்திசாலித்தனம் பெருமையாக இருந்தது.

முடிக்கிற நேரத்தில் கரண்ட் வந்து, தலைக்கு மேலே குண்டு பல்பும் எரிய ஆரம்பித்தது. அடுப்பில் பால் வைத்திருந்த ஞாபகம் வந்து ஓடினேன். ஷெட் கதவைச் சாத்தினேன். ஷெட் பல்புக்கான சுவிட்ச் வீட்டுக்குள் இருந்தது. அதை மறக்காமல் அணைத்தேன். காரின் ஹெட்லைட்டை மட்டும் அணைக்கவில்லை.

விடியற்காலை ஐந்தரைக்கு நான் தலைவாரிக்கொண்டிருந்தபோது ஷெட்டிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'டிக்'. அப்புறம் அதுவும் இல்லை. நான் போய்ப் பார்த்தபோது அவர் டிரைவர் சீட்டில், புது வேட்டி சட்டையில், செல்ஃப் குமிழை இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"பேட்டரி சுத்தமா எறங்கிப்போச்சு அம்மிணி" என்றார். "சாவியப் போட்டா மீட்டர்ல ஒரு விளக்குக்கூட எரியல."

என் கண் நேராக ஹெட்லைட் சுவிட்சுக்குப் போனது. இழுத்தால் எரியும், அமுக்கினால் அணையும் சுவிட்ச் அது; அமுங்கித்தான் இருந்தது. ஆக நான் அணைத்துத்தான் இருக்கிறேன், வேறு ஏதோ கோளாறு என்று ஒரு நிமிஷம் ஆறுதல்பட்டேன். ஆனால் அணைத்த ஞாபகம் எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

அவர் டிக்கியிலிருந்து ஹேண்டிலை எடுத்துவந்தார். அந்தக் காலத்துக் காரில் முன்பக்கம் பம்பருக்குக் கீழே ஒரு துளை இருக்கும். அதில் இரும்பு ஹேண்டிலை விட்டுச் சுற்றினால் இன்ஜின் சுழலும். அவசரத்தில் அதைச் சரியாக மாட்டாமலே வேகமாக இழுத்தார். மூன்றாவது சுற்றில் ஹேண்டில் நழுவி, வலது மணிக்கட்டு பம்பரில் மோதியது. அந்தச் சத்தம் எனக்கே வலித்தது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே அவர் கீழே உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொண்டுவருவதற்குள் மணிக்கட்டு கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது.

எதிர்வீட்டுப் பாய் அந்தச் சத்தம் கேட்டுத்தான் வந்தார். பனியன் கம்பெனிகளில் விழும் கட்டிங் வேஸ்ட்டை வாங்கி வியாபாரம் செய்கிறவர். என் வீட்டுக்காரரைவிட மூன்று வயது மூத்தவர். அவரிடமும் ஒரு கார் இருந்தது, வெள்ளை நிறத்தில் சின்னது. இரண்டு பேருக்கும் எந்தக் கார் உசத்தி என்று வாரம் ஒருமுறையாவது வாக்குவாதம் நடக்கும். அன்றைக்குப் பாய் தன் அம்மாவைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. கண் ஆபரேஷன் செய்த கட்டை அன்றுதான் பிரிக்கிறார்கள்.

"ஏனுங்க மாப்ள, காதுகுத்து அங்கயா, இங்கயா?" என்று கேட்டபடியே வந்தவர், மணிக்கட்டைப் பார்த்ததும் விளையாட்டை விட்டுவிட்டார். தன் வீட்டுப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா வந்து, பனியன் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணியைப் பட்டையாகக் கிழித்து, மணிக்கட்டைச் சுற்றி இறுக்கமாகக் கட்டினார். அதைவிட நல்ல கட்டு ஆஸ்பத்திரியில்கூடப் போட்டிருக்க மாட்டார்கள்.

"ஹேண்டில் போட்டீங்களாக்கும்? பேட்டரில கொஞ்சமாச்சும் உசுரு இருந்தாத்தான் ஹேண்டிலுக்கு வேலை. பிளக்குக்கு நெருப்பு வரணுமில்லீங்க? சுத்தமாச் செத்த பேட்டரிக்கு நாள் பூரா சுத்துனாலும் கைதான் போகும்" என்றார் பாய்.

"இப்ப என்ன பண்றதுங்க?" என்று நான் கேட்டேன்.

"என்ற வண்டிலிருந்து கரண்ட் குடுக்கலாம் தங்கச்சி. அரை மணி நேரம் எனக்கு இருக்குது. ஆனா அவசரப்படக் கூடாது."

முதலில் காரை ஷெட்டுக்குள்ளிருந்து தெருவுக்குத் தள்ளச் சொன்னார். மூடின இடத்தில் இன்ஜினை ஓடவிட்டால் புகை உள்ளேயே நின்று ஆளை மயக்கிவிடும் என்றார். பாயும் நானும், ஒற்றைக் கையால் அவரும் சேர்ந்து, பின்னோக்கித் தள்ளித் தெருவில் திருப்பி நிறுத்தினோம். புது ரவிக்கையின் கைத்தையல் தெறித்ததை நான் மூலனூரில்தான் கவனித்தேன்.

பானெட்டைத் திறந்தார்கள். இன்னும் சரியாக வெளுக்கவில்லை. பேட்டரிக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக என் வீட்டுக்காரர், "தீப்பெட்டி குடு அம்மிணி" என்றார்.

பாய் அவர் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "தீக்குச்சியா? மாப்ள, பேட்டரிலிருந்து கேஸ் வரும். குபுக்குனு புடிச்சுதுன்னா ஆசிட் மூஞ்சிலதான் தெறிக்கும்." எப்போதும் உதட்டில் சிகரெட்டோடு இருக்கிறவர் பாய். அதைத் தெருமுனைச் சாக்கடை வரைக்கும் போய்ப் போட்டுவிட்டுத்தான் காருக்குப் பக்கத்தில் வந்திருந்தார். டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு அறைகளில் தகடு வெளியே தெரிந்தது. பேட்டரித் தண்ணீர்ப் பாட்டிலைக் கொண்டுவந்து, தகடு மூழ்கும் மட்டும் ஊற்றினார். "தங்கச்சி, நீங்க தள்ளி நில்லுங்க. பட்டுச்சேலைல ஒரு சொட்டுப் பட்டாலும் ஓட்டைதான்."

பக்கத்து லேத் பட்டறைக்காரரை எழுப்பி, வெல்டிங் கேபிள் இரண்டு வாங்கிவந்தார். தன் வெள்ளைக் காரைக் கொண்டுவந்து மூக்குக்கு மூக்கு நிறுத்தினார். ஆனால் ஒன்றை ஒன்று தொடாமல், நடுவில் ஒரு முழம் விட்டு நிறுத்தினார். என் வீட்டுக்காரர் இன்னும் கொஞ்சம் கிட்டே வரச் சொன்னார்.

"கூடாதுங்க. ஒங்க வண்டி பழைய சீமை முறை. பிளஸ்ஸப் பாடில கட்டியிருக்கான். என்ற வண்டில மைனஸ்தான் பாடில கெடக்குது. ரெண்டு இரும்பும் ஒண்ணோட ஒண்ணு ஒரசுச்சுன்னா இங்கயே தீபாவளிதான்" என்றார் பாய்.

"ஒங்க வண்டிதான் தலைகீழ்" என்றார் இவர், வலியோடு.

"அத நோம்பி லீவுல பேசிக்கலாம்."

இதையெல்லாம் அவர் எங்கே தெரிந்துகொண்டார் என்று நான் பிற்பாடு கேட்டேன். முந்தின வருஷம் வேறொருவர் காருக்கு உதவப் போய், மாற்றி மாட்டி, தன் காரின் ஒயரெல்லாம் புகைந்து போயிற்றாம். அதற்குப் பிறகு மெக்கானிக் ஒருவரைப் பிடித்து ஒரு நாள் முழுக்கக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

ஒவ்வொரு முனையையும் வாயால் சொல்லிச் சொல்லி மாட்டினார். மைனஸுக்கு மைனஸ். அப்புறம் தன் பேட்டரியின் பிளஸ். அதன் அடுத்த முனையை எங்கள் பேட்டரியில் மாட்டவில்லை. தள்ளி, இன்ஜினின் வெறும் இரும்பில் கடித்துவைத்தார். "கடைசியா மாட்டறப்ப பொறி வரும். அது பேட்டரிகிட்ட வரக் கூடாது." சொன்ன மாதிரியே சின்னதாக ஒரு நீலப் பொறி வந்தது. பிறகு தன் காரை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு, நாங்கள் மூவரும் தெருவில் நின்று காத்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிஷம் என்றார். எனக்கு அது ஒரு ஷிப்ட் மாதிரி இருந்தது.

"இப்ப இழுங்க தங்கச்சி" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான் சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்காரரின் வலது கைக்கு ஸ்டியரிங் பிடிக்க வலுவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் அதுவரை அது தோன்றவே இல்லை.

"நானுங்களா?"

"வேற யாரு? என்னால வர முடியாது, அம்மா காத்துட்டிருக்குது. பஸ்ல போனா தாராபுரத்துல மாறோணும், முகூர்த்தத்துக்குப் போயிச் சேர மாட்டீங்க. லைசென்ஸ் இருக்குதுல்ல?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தன் மணிக்கட்டைப் பார்த்தார், காரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "களத்துல ஓட்டற மாதிரியே நெனச்சுக்க" என்றார்.

ஏறி உட்கார்ந்து குமிழை இழுத்தேன். முதலில் இழுத்து இழுத்து ஒரு முனகல். இரண்டாம் தரம் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அப்படியொரு சந்தோஷம் எனக்கு மெட்ரிக் பாஸானபோதுகூட வந்ததில்லை. பாய், மாட்டிய வரிசைக்குத் தலைகீழாக ஒவ்வொரு முனையாகக் கழற்றினார். கேபிளைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு என் ஜன்னலருகே வந்தார்.

"நல்லாக் கேட்டுக்குங்க. பேட்டரி இன்னும் காலிதான். ஓட ஓட டைனமோ அதுக்குச் சோறு போடும். இன்ஜின் நின்னா மறுபடி எடுக்காது. மீட்டர்ல இந்தச் சிவப்பு விளக்கு எரிஞ்சா சோறு போகலைன்னு அர்த்தம். அதனால நிக்கறப்பவும் ஆக்சிலேட்டரை லேசா மிதிச்சே வெச்சிருங்க. லைட்டு வேண்டாம், ஹாரன் வேண்டாம். மூலனூர் போற வரைக்கும் நிறுத்தாதீங்க."

தட்டுகளைப் பின்சீட்டில் அடுக்கினோம். தெருவில் வாசல் தெளித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் வாளியோடு நின்று பார்த்தார்கள். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவதென்றால் அன்றைக்குத்தான் பேசியிருக்க வேண்டும். ஒருத்தி மட்டும், "பாத்துப் போங்கக்கா!" என்று கத்தினாள்.

எங்கள் வீடு தண்டவாளத்துக்கு வடக்கே. தாராபுரம் ரோட்டுக்குத் தெற்கே போக வேண்டும். நடுவில் ரயில்வே கேட். நாங்கள் போவதற்கும் கேட் விழுவதற்கும் சரியாக இருந்தது. முன்னால் நூல் ஏற்றிய கட்டைவண்டி, பின்னால் ஒரு லாரி. மீட்டரில் சிவப்பு விளக்கு மினுக்கென்று எரிந்தது. நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன், விளக்கு அணைந்தது. கார் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, அவசரமாக்கும் என்று நினைத்து, தன் மாடுகளை ஒரு அடி முன்னால் நகர்த்தினார்.

கூட்ஸ் வண்டி வந்தது. அதற்கு முடிவே இல்லை போலிருந்தது. ஒரு பெட்டி போனால் இன்னொரு பெட்டி. அந்தச் சத்தத்தில்தான் எனக்குத் தைரியம் வந்தது.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும்" என்றேன். "நேத்துப் பொழுதோட கரண்டு போனப்ப நாந்தான் ஹெட்லைட்டப் போட்டேன். அணைச்ச ஞாபகமே இல்லீங்க."

அவர் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"வெடியால நான் ஏறறப்ப சுவிட்ச் போட்டபடிதான் இருந்துது. அமுக்கி உட்டேன்."

"ஏன் சொல்லல?"

"சொல்லி? பாய் வந்து கேப்பாரு, அப்புறம் எங்கம்மா கேக்கும், அப்புறம் பத்து வருஷத்துக்கு அதையே பேசுவாங்க." கைக்கட்டைத் தடவிக்கொண்டே, "நானே ரெண்டு தரம் அப்படி மறந்திருக்கேன். ரெண்டு தரமும் மெக்கானிக்கிட்ட ஒயர் கோளாறுன்னு சொல்லிட்டேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தால் காலும் தளர்ந்துவிடுமோ என்று பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் தன் மேல்துண்டின் முனையால், நல்ல கையால், என் கண்ணைத் துடைத்துவிட்டார். வெளியில் அத்தனை பேர் நிற்கும்போது அப்படிச் செய்கிற மனிதர் இல்லை அவர். கேட் தூக்கினார்கள்.

ஊரைத் தாண்டியதும் ரோடு விரிந்து கிடந்தது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, வேலிக்குள் மேய்ச்சல் காடு, அங்கங்கே மாடுகள். டாப் கியர் போட்டுச் சீராகப் போக ஆரம்பித்ததும் பயம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஹாரன் இல்லாத குறையை அவர் தீர்த்துவைத்தார். முன்னால் வண்டியோ சைக்கிளோ வந்தால் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி, "சித்தெ ஓரமாப் போங்க சாமி! ஊட்டுக்காரிக்கு நிறுத்தத் தெரியாது!" என்று கூவினார். அந்த இரண்டாவது வாக்கியத்தை அவராகச் சேர்த்துக்கொண்டார். அதைக் கேட்டு எல்லாரும் மந்திரம் போட்டது போல ஒதுங்கினார்கள்.

குண்டடம் தாண்டி ஒரு வளைவில் ஆட்டு மந்தை. ரோடு முழுக்க அடைத்துக்கொண்டு, எங்கள் பக்கமாகவே நடந்து வந்தது. ஆடுகளுக்கு என் வீட்டுக்காரரின் குரல் புரியவில்லை. நான் பிரேக்கை மிதித்தேன், கிளட்ச்சை மிதிக்கப் பிந்திவிட்டேன். கார் ஒரு குலுக்குக் குலுக்கி, மூச்சுத் திணறியது. இன்ஜின் 'தக்... தக்...' என்று நின்றுபோகப் பார்த்தது. கிளட்ச்சை அமுக்கி ஆக்சிலேட்டரை ஒரே மிதி. உறுமிக்கொண்டு மறுபடி எழுந்தது. பின்சீட்டில் ஒரு தட்டு சரிந்து, ஆரஞ்சுப் பழங்கள் எங்கள் கால்வரை உருண்டு வந்தன.

அவர் இறங்கிப்போய், கட்டுப்போட்ட கையை ஆட்டி ஆட்டி ஆடுகளைப் பிரித்தார். மந்தையை ஓட்டிவந்த அம்மாள் கோபமாக, "ஒரு சத்தம் குடுத்திருந்தா நானே ஒதுக்கியிருப்பனே" என்றாள்.

"சத்தம் குடுக்கற நெலமைல கார் இல்லீங்க" என்றார் அவர்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். ஸ்டியரிங்கைப் பார்த்தாள். பிறகு கோலால் நாலு தட்டுத் தட்டி மொத்த மந்தையையும் ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொடுத்து, "போ கண்ணு, போ" என்றாள்.

தாராபுரத்தில் ஆற்றுப் பாலம் தாண்டி, மூலனூருக்குள் நுழையும்போது மணி ஒன்பதே முக்கால். தங்கை வீடு ஊருக்கு வெளியே தோட்டத்தில். வாசலில் பந்தல் போட்டு, மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான் பந்தலுக்கு முன்னால் காரை நிறுத்தினேன். அவர் இறங்கிய கணமே ஆட்கள் சூழ்ந்து உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். பின்சீட்டிலிருந்து தட்டுகளும் வரிசையாக உள்ளே போயின. எல்லாரும் போய்விட்டார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

இன்ஜினை அணைக்கலாமா, கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. பாய் 'மூலனூர் போற வரைக்கும் நிறுத்தாதீங்க' என்றார். வந்தபிறகு என்ன செய்வது என்று சொல்லவில்லை. அணைத்து, மறுபடி எடுக்காமல் போனால் பந்தலை மறித்துக்கொண்டு நிற்கும். திரும்பிப் போகவும் வழியிருக்காது. அவர் வந்து சொல்லட்டும் என்று, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, ஆக்சிலேட்டரை மிதித்தபடி நேரே பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நிமிஷத்தில் ஒரு பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கிக் குடித்துவிட்டுச் செம்பைக் கொடுத்தேன். இறங்கவில்லை. அவள் உள்ளே ஓடினாள். அடுத்து இரண்டு பெண்கள் வந்து, "வாங்கக்கா, வாங்க" என்றார்கள். "வர்றனுங்க, அவர வரச் சொல்லுங்க" என்றேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு என் மாமியாரே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"என்ன அம்மிணி, எறங்க மாட்டீங்கிறியாமா? யாரு என்ன சொன்னாங்க?"

நான் பதில் சொல்வதற்குள் நாத்தனார் ஓடிவந்துவிட்டாள். குழந்தையை இடுப்பில் வைத்தபடி, ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள். "நங்கையா, நான் என்ன கொறை வெச்சேன்? வாசல்ல வந்து கூப்பிடலைன்னு கோவமா? மேளத்துக்காரங்களப் பாக்கப் போயிட்டனுங்க. எறங்கி வாங்க நங்கையா!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விசேஷ வீட்டில் வாசலோடு நின்று இறங்காமல் இருந்தால், சரியாக அழைக்கவில்லை என்ற கோபம் என்றுதான் எங்கள் பக்கத்தில் அர்த்தம். தாய்மாமன் மனைவி கோபித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று பந்தல் முழுக்கப் பரவிவிட்டது. மேளமும் நின்றுபோயிருந்தது.

"ஐயோ, கோவமெல்லாம் இல்லீங்க! பேட்டரி செத்துப்போச்சு! எறங்குனா கார் நின்னு போயிரும்!" என்று கத்தினேன்.

இடுப்பில் இருந்த குழந்தை மட்டும் சிரித்தது. மற்றவர்களுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. மாமியார் குனிந்து உள்ளே பார்த்தார். என் காலைப் பார்த்தார், ஸ்டியரிங்கைப் பார்த்தார். "நீயா ஓட்டியாந்த? அவன் ஓட்டலையா?" என்றார். நடந்ததைச் சொன்னேன். மகன் கைக்கட்டைக்கூட அந்தக் கலவரத்தில் அவர் கவனித்திருக்கவில்லை.

கடைவீதியில் ஓட்டவே கூடாது என்றவர் எழுபது கிலோமீட்டருக்கு என்ன சொல்லப் போகிறாரோ என்று காத்திருந்தேன். அவர் நேராக நிமிர்ந்து, பந்தலைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல! என்ற மருமவ திருப்பூரிலிருந்து தனியாக் காரு ஓட்டியாந்திருக்கறா! மேளம் அடிக்கச் சொல்லுங்க!" என்றார். 'தனியா' என்பது பொய். மகனைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் வந்து யோசனை சொன்னார். பந்தலுக்கு எதிரே தோட்டத்துப் பாதை கிணற்று மேட்டிலிருந்து சரிவாக இறங்கியது. தோட்டத்துக் களத்தை ஒரு சுற்றுச் சுற்றி அந்த மேட்டில் ஏறி, இறக்கத்தைப் பார்த்தபடி காரை நிறுத்தினேன். சக்கரத்துக்கு இரண்டு பெரிய கல் வைத்தார்கள். சாவியைத் திருப்பி அணைத்தேன். காதுக்குள் அப்படியொரு அமைதி. கதவைத் திறந்து இறங்கினேன். நாத்தனார் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மறுபடியும் அழுதாள்.

காது குத்தும்போது குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்து, ஆசாரியைப் பார்க்கவே இல்லை. ரிப் துணிக் கட்டை இழுத்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது. முதல் காது குத்தியபோது இரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்கள். குழந்தை காதுக்காக, இவர் மணிக்கட்டுக்காக.

மத்தியானம் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்குக் கிளம்பினோம். கல்லை எடுத்தார்கள். செல்ஃபை இழுத்துப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். ஆனால் பட்டு வேட்டி கட்டிய உறவுக்காரர்கள் பத்துப் பேர் அதற்குள் பின்னால் வரிசைகட்டி நின்றுவிட்டார்கள். அவர்களை ஏமாற்ற மனம் வரவில்லை. சாவியைப் போட்டு, இரண்டாவது கியரில் வைத்து, கிளட்ச்சை அமுக்கிக்கொண்டேன். தள்ளினார்கள். சரிவில் வேகம் எடுத்ததும் கிளட்ச்சை விட்டேன். ஒரு குலுக்கலோடு இன்ஜின் பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் பார்த்தால், செம்மண் புழுதிக்குள் பத்துப் பேரும் கையைத் தூக்கிக்கொண்டு கத்துவது தெரிந்தது.

தாராபுரம் வருவதற்குள் அவர் தூங்கிவிட்டார். தலையை ஜன்னல் பக்கம் சாய்த்து, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கினார். எதிரே பஸ் வந்தது, லாரி வந்தது. எல்லாம் அதனதன் பக்கமாகப் போயின. நான் எழுப்பவில்லை. ஒரு தரம் துணிந்து ஹாரன் அடித்துப் பார்த்தேன். கரகரவென்று சத்தம் வந்தது. அதற்கும் அவர் விழிக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டோம். ஷெட் அருகே நிறுத்தினேன். விழித்துக்கொண்டு கண்ணைக் கசக்கினார்.

"உள்ள உடு" என்றார்.

ஷெட் இடது பக்கம், கார் கொஞ்சம் தாண்டி நின்றிருந்தது. பின்னால் எடுத்து வளைத்துத்தான் உள்ளே விட வேண்டும்.

"ரிவர்ஸ் நீங்க சொல்லியே குடுக்கலீங்களே" என்றேன்.

அவர் ஷெட்டைத் திரும்பிப் பார்த்தார். வெளுப்புக் களத்தில் பின்னால் எடுக்க அவசியமே வந்ததில்லை. அத்தனை பெரிய திடலில் சுற்றிக்கொண்டு வந்தால் போதும். "ஆமா, மறந்தே போச்சு" என்றார்.

காரை அப்படியே தெருவோரம் விட்டுவிட்டு, ஆரஞ்சுப் பழங்களைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு, இரண்டு பேரும் வீட்டுக்குள் போனோம்.